நிழலின் நேரமும் முள்ளின் நேரமும்

   இந்தப் பேச்சு பாதிக்கு மேல் பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே தயாரானது.

முதலில் ஒரு கேள்வி. சென்னையில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?

பன்னிரண்டு என்று கைகள் உயரும். ஆனால் சூரியனைக் கேட்டால் விடை வேறு. பிப்ரவரி நடுவில் சென்னையின் உச்சிப்பொழுது 12 மணி 23 நிமிடத்துக்கு வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் 11 மணி 52 நிமிடத்துக்கே வந்துவிடுகிறது. வெயில் அதே வெயில், ஊர் அதே ஊர். இடையில் அரை மணி நேரம் விளையாடுகிறது. யார் தவறு செய்கிறார்கள்? சூரியனா, கடிகாரமா?

இரண்டுமே சரி. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. 'இந்த மண்ணில், இந்த இடத்தில் சூரியன் இப்போது எங்கே?' என்ற கேள்விக்குச் சூரியக் கடிகாரம் விடை சொல்கிறது. 'நாம் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட நேரம் என்ன?' என்ற கேள்விக்கு நம் மணிக்கட்டில் இருப்பது விடை சொல்கிறது. இந்த இரண்டு கேள்விகளும் எப்படிப் பிரிந்தன, பிரிந்த பிறகும் எந்த நூல் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது என்பதே இன்றைய பொருள்.

எங்கிருந்து தொடங்கலாம்? ஒரு துரும்பிலிருந்து தொடங்கலாம்.

கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் தமிழ்நாட்டு உழவர் வயல்வரப்பில் நின்று நாழிகை பார்த்த முறை இது. காய்ந்த புல்தண்டு ஒன்றை எடுத்து, தன் விரலால் பதினாறு விரற்கடைக்கு அளந்து கிள்ளிக்கொள்வார். அதை ஓரிடத்தில் மடித்து ஒரு பகுதியைத் தரையில் கிடத்துவார். மறுபகுதியைச் செங்குத்தாக நிறுத்துவார். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் மேலேயே விழும்படி திருப்புவார். நிழல் கிடப்பதைத் தாண்டி நீண்டால், மடிப்பை மாற்றி நிற்பதைக் குறைப்பார். எட்டவில்லை என்றால் நிற்பதைக் கூட்டுவார். நிழலின் நுனியும் துரும்பின் நுனியும் ஒன்றாக வந்து சேர்ந்ததும், நிற்கும் பகுதி எத்தனை விரற்கடை என்று எண்ணுவார். அதுதான் நாழிகை. முற்பகலில் விடிந்து அத்தனை நாழிகை ஆயிற்று. பிற்பகலில் பொழுது சாய இன்னும் அத்தனை நாழிகை இருக்கிறது.

அவ்வளவுதான். பித்தளை வேண்டாம், சக்கரம் வேண்டாம், சாவி வேண்டாம்.

இது உண்மையிலேயே வேலை செய்யுமா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எட்டு விரற்கடை நிற்கிறது, எட்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரமும் நிழலும் சமம். அப்படியானால் சூரியன் அடிவானிலிருந்து 45 பாகை உயரத்தில் இருக்கிறது. துரும்புக் கணக்கில் எட்டு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆக, விடிந்து 3 மணி 12 நிமிடம். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாத நாளில், சென்னையில் சூரியன் 45 பாகை ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கோளக் கணிதத்தில் போட்டால் 3 மணி 6 நிமிடம் வருகிறது. வேறுபாடு ஆறு நிமிடம்! ஒரு புல்தண்டு தரும் விடைக்கும் முக்கோணவியல் தரும் விடைக்கும் இடையில் ஆறே நிமிடம்.

குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உச்சியை நெருங்க நெருங்கத் துரும்பு தடுமாறும். அதே நாளில் சென்னை நடுப்பகலில் அது 15 நாழிகை காட்ட வேண்டும். 13 தான் காட்டும். ஆனால் வயலில் நிற்பவருக்கு உச்சிவேளையைத் தெரிந்துகொள்ளத் துரும்பு தேவைப்படவில்லை. காலையிலும் மாலையிலும்தான், ஏற்றம் இறைத்தது போதுமா, வீடு திரும்பலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரங்களில் துரும்பு நம்பகமாக இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் துரும்புக் கணக்கு பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் வாழும் மக்களுக்கே பொருந்தும். லண்டனில் டிசம்பர் மாதம் இதை வைத்தால் உச்சிவேளையில்கூட நான்கு நாழிகைக்கு மேல் காட்டாது. ஊர் மாறினால் நிழல் மாறும். இதை மறந்ததால் உலகாண்ட ஒரு நகரம் நூறு ஆண்டு ஏமாந்த கதை இருக்கிறது.

அந்த நகரம் ரோம். கி.மு. 263-இல் சிசிலித் தீவின் கடானியா நகரத்தைப் பிடித்த தளபதி வலேரியஸ் மெசல்லா, போர்க் கொள்ளையோடு ஒரு சூரியக் கடிகாரத்தையும் தூக்கி வந்தார். ரோமின் பொதுவெளியில் ஒரு தூணின்மேல் அதை நிறுத்தினார்கள். மக்கள் அதைப் பார்த்தே நேரம் சொன்னார்கள். ஆனால் கடானியா ரோமுக்குத் தெற்கே நான்கு பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அந்தக் கல்லில் வெட்டிய கோடுகள் கடானியாவின் சூரியனுக்காக வெட்டியவை. ரோமின் சூரியன் அந்தக் கோடுகளில் நடக்கவில்லை. 99 ஆண்டுகள் தவறான நேரத்தைக் காட்டிக்கொண்டே அது நின்றதாகப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 164-இல்தான் மார்சியஸ் பிலிப்பஸ், ரோமுக்கென்றே கணக்கிட்ட வேறொன்றை அதன் பக்கத்தில் நிறுத்தினார். மேகம் மூடிய நாளுக்கும் இரவுக்கும் நீர்க்கடிகாரம் வேண்டும் என்று அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஏற்பாடு செய்தார்கள்.

கடானியாக் கடிகாரத்தில் பழுது ஏதும் இல்லை. அதை அதன் மண்ணிலிருந்து பெயர்த்ததுதான் பிழை. இன்று ஒரு கைக்கடிகாரத்தைச் சென்னையிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனால் அது ஒரு நொடிகூட மாறாது. சூரியக் கடிகாரத்தைக் கொண்டுபோனால் சாய்வைத் திருத்த வேண்டும், கணக்கைத் திருத்த வேண்டும்.

எகிப்திலும் ஒரு சூரியக் கடிகாரக் கல் உண்டு. மன்னர்கள் பள்ளத்தாக்கில் 2013-இல் பேசல் பல்கலைக்கழகத்தினர் தோண்டியபோது கிடைத்தது, காலம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டு. தட்டையான சுண்ணாம்புக்கல்லில் கறுப்பு மையால் ஓர் அரைவட்டம், அதைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் கோடுகள், நடுவில் குச்சி செருக ஒரு பள்ளம். எங்கே கிடைத்தது தெரியுமா? மன்னர் கல்லறையில் இல்லை. கல்லறை வெட்டிய தொழிலாளர்கள் தங்கிய குடிசைகளின் பக்கத்தில் கிடைத்தது. வேலைநேரம் என்பது அவ்வளவு பழைய கவலை.

அரைவட்டமும் நடுவில் ஒரு குச்சியும் நமக்கும் அந்நியம் இல்லை. கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயிலுக்குப் போனவர்கள் மதில்சுவரில் பார்த்திருப்பார்கள். கல்லில் ஓர் அரைவட்டம், விரிந்து செல்லும் கோடுகள், மையத்தில் ஓர் உலோக ஊசி. ஊசியின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுவே பொழுது. கும்பகோணம் போகிறவர்கள் கோயில்களைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, இந்தச் சுவரின் முன்னே பத்து நிமிடம் நிற்க வேண்டும். நின்று பார்த்தால் நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

நிழல் நகர்வதைக் கண்ணெதிரே, நொடிக்கு நொடி பார்க்க வேண்டுமானால் ஜெய்ப்பூருக்குப் போக வேண்டும்.

சவாய் ஜெய்சிங் வானியலில் பித்துப்பிடித்த மன்னர். 1688-இல் பிறந்தவர். டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் உஜ்ஜயினியிலும் காசியிலும் மதுராவிலும் வானாய்வகங்கள் கட்டினார். அவருக்கு முன் வானியலாளர்கள் பித்தளைக் கருவிகளைக் கையாண்டார்கள். சிறிய கருவியில் கோடுகள் நெருங்கிவிடும், அச்சு தேய்ந்துவிடும், தாங்குதண்டு ஆடும். ஜெய்சிங் அதற்கு ஒரு வழி கண்டார். கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டு, ஆடாது. பெரிதாகக் கட்டு, கோடுகள் விலகி நிற்கும்.

எவ்வளவு பெரிது? ஜெய்ப்பூர் வானாய்வகமான ஜந்தர் மந்தரின் சாம்ராட் யந்திரம் ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். கல்லால் கட்டிய சூரியக் கடிகாரங்களில் உலகிலேயே மிகப் பெரியது அதுவே. வானத்தை நோக்கி ஏறிப்போகும் மாபெரும் முக்கோணச் சுவர் அது. சாய்ந்த விளிம்பில் படிக்கட்டு. அந்த விளிம்பு தரையோடு 27 பாகை சாய்ந்திருக்கிறது, ஏனென்றால் ஜெய்ப்பூரின் அட்சரேகை 27 பாகை. அப்படிச் சாய்த்தால் சுவரின் விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். நேரே துருவ நட்சத்திரத்தைக் காட்டும். சுவரின் இருபுறமும் இறக்கை விரித்தாற்போல இரண்டு பெரிய வளைவுகள். காலையில் நிழல் மேற்கு வளைவில் விழுந்து இறங்கும், பிற்பகலில் கிழக்கு வளைவில் ஏறும்.

அந்த வளைவின் பக்கத்தில் குனிந்து நின்று பார்க்க வேண்டும். நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர், நான்கு விரல் அகலம்! நகர்வது நிழலா? பூமி சுழல்வதைத்தான் அங்கே கண்ணால் பார்க்கிறோம். பள்ளிப் புத்தகத்தில் 'பூமி தன்னைத்தானே சுற்றுகிறது' என்று படித்த பிள்ளை, அதை நம்புவதற்கு இதைவிட நல்ல இடம் உலகில் வேறு இருக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சூரியன் ஒரு புள்ளி இல்லை. அரைப்பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம் கத்தி வெட்டியதுபோல விழாது. முழு இருளிலிருந்து முழு வெயிலுக்கு மெல்ல மெல்ல மங்கி மாறும். சூரியன் தன் அகலத்தை நகர இரண்டு நிமிடம் ஆகும். அப்படியானால் இவ்வளவு பெரிதாகக் கட்டியும் இரண்டு நிமிடம் மங்கல்தானா? இல்லை. மங்கிய பகுதியில் ஒரு மெல்லிய நூலை வளைவுக்குச் சற்று மேலே பிடித்து நகர்த்துவார்கள். அந்த நூலின் நிழல் எந்த இடத்தில் மறைகிறதோ அங்கே குறித்துக்கொள்வார்கள். இப்படிப் பழகிய கண் சில நொடிகளுக்குள் நேரத்தைச் சொல்லிவிடும். கருவி பாதி, அதைப் படிக்கத் தெரிந்த ஆள் பாதி.

சரி, இவ்வளவு நுட்பமான கடிகாரம் காட்டும் நேரமும் பார்க்க வந்தவர் கைக்கடிகாரமும் ஒத்துப்போகுமா? போகாது. ஏறக்குறைய 27 நிமிடம் கூட்ட வேண்டும். அதோடு அந்தந்த நாளுக்கென்று ஒரு திருத்தமும் உண்டு. 27 நிமிடத்துக்குக் காரணம் இடம். இரண்டாவது திருத்தத்துக்கு என்ன காரணம்? தொடக்கத்தில் பார்த்த சென்னையின் அரை மணி நேர விளையாட்டு இங்கேதான் அவிழ்கிறது.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, சற்றே நீண்டது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கும், நொடிக்கு 30.3 கிலோமீட்டர் ஓடும். ஜூலையில் தொலைவில் இருக்கும், 29.3 கிலோமீட்டர்தான். இது ஒரு காரணம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன? ஓர் உச்சியிலிருந்து மறு உச்சி வரைக்கும் உள்ள நாள் எப்போதும் சரியாக 24 மணி இருப்பதில்லை. டிசம்பர் கடைசியில் அரை நிமிடம் கூடுதல். செப்டம்பர் நடுவில் இருபது நொடி குறைவு. அரை நிமிடம் என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு அரை நிமிடமாகச் சேர்ந்துகொண்டே போனால் பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கிவிடுகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் முந்திவிடுகிறது. ஆண்டில் நான்கே நான்கு நாள்கள்தான் இரண்டும் சந்திக்கின்றன: ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25-ஐ ஒட்டி.

இந்தக் கணக்கு மனிதர்களுக்கு எப்போது தேவைப்பட்டது? நல்ல கடிகாரம் வந்த பிறகுதான். பழைய எந்திரக் கடிகாரங்கள் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பிழை செய்தன. அவற்றை வைத்துச் சூரியனைக் குறை சொல்ல முடியுமா? 1656-இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியன் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். பிழை நாளுக்குக் கால் நிமிடமாகச் சுருங்கியது. அப்போதுதான் சூரியனின் நடையிலுள்ள ஏற்ற இறக்கம் சாதாரண மக்களுக்கும் தெரிய வந்தது. ஆனாலும் ஊசல் கடிகாரம் எதைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டது? சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்! அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள், மணிக்கூண்டு வைத்த ஊர்களில் மணிக்கூண்டைத் திருத்த ஒரு சூரியக் கடிகாரமும் இருந்தது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று நாள்வாரியாக அட்டவணை அச்சிட்டு விற்றார்கள்.

அப்படியானால் சூரியக் கடிகாரத்தை வீழ்த்தியது எது? ரயில்.

மாட்டுவண்டி ஓடிய காலத்தில் சென்னையின் உச்சிக்கும் கோவையின் உச்சிக்கும் 13 நிமிடம் வித்தியாசம் இருந்தால் யாருக்கு என்ன? ரயில் வந்ததும் அந்த 13 நிமிடம் உயிருக்கு ஆபத்தானது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரும்போது, இரண்டு நிலையங்களும் தத்தம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏதாவது ஓர் ஊரின் நேரத்தை எல்லோரும் ஏற்க வேண்டும். இந்தியாவில் எந்த ஊரின் நேரம்?

நம் மதராஸின் நேரம்!

நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைப் பார்க்கும் தொலைநோக்கியைத் தாங்கி நின்ற தூண். தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கட்டியவர் மைக்கேல் டாப்பிங். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்காம் மதராஸின் தீர்க்கரேகையைக் கணித்து, கிரீனிச்சுக்கும் மதராஸுக்கும் உள்ள நேர வேறுபாட்டை நிறுவினார். அதே கோல்டிங்காம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கியின் ஒளிக்கும் ஒலிக்கும் இடைவெளியைக் கடிகாரத்தால் அளந்து, ஒலியின் வேகத்தையும் கணக்கிட்டவர். இந்த ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியைத் தமிழர்கள் இன்னும் நன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். பழைய வாய்பாடுகளை விட்டுவிட்டு, கண்ணால் நோக்கிய கணக்கின்படி பஞ்சாங்கம் வெளியிட்டவரும் அவரே.

கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னே என்று குறிக்கப்பட்ட மதராஸ் நேரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்களின் நேரமாக இருந்தது. பம்பாய் நேரம் அதற்கு அரை மணி பின்னே, கல்கத்தா நேரம் அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக முன்னே. இரண்டு பெரிய நகரங்களுக்கும் நடுவில் மதராஸ் இருந்தது வசதியாகவும் போயிற்று. பம்பாய்வாசி வீட்டில் ஒரு நேரமும் ரயில் நிலையத்தில் ஒரு நேரமும் பார்க்க வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், பஞ்சாபில் ஓடிய வண்டிக்குக் கூட நுங்கம்பாக்கத்தின் வானம்தான் கணக்கு.

1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்திய நிலையான நேரம் நடைமுறைக்கு வந்தது. அலகாபாத்துக்கு அருகே மிர்சாபூர் வழியாகச் செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம் அது. கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னே. மதராஸ் ஒன்பது நிமிடத்தைக் கூட்டிக்கொண்டு எளிதாகச் சேர்ந்துவிட்டது. பம்பாய்க்கு 39 நிமிடம் தள்ள வேண்டியிருந்தது. அந்த நகரம் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பம்பாய் நேரம் 1955 வரை வழக்கில் இருந்தது. அரசு சொன்னால் நம் ஊர்ச் சூரியன் மாறிவிடுமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒத்துக்கொண்ட நேரம் என்றால் அதில் அரசியலும் வரும். இலங்கைத் தமிழர்களுக்கு இது நேரடி அனுபவம். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அதே அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. அந்தப் பத்தாண்டும் வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே தீவில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். இருபுறமும் பனைமரத்தின் நிழல் விழுந்த இடம் மட்டும் மாறவில்லை.

இந்தியாவுக்குள்ளேயும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. குஜராத்தின் மேற்குக் கோடிக்கும் அருணாசலத்தின் கிழக்குக் கோடிக்கும் சூரியன் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேறுபடுகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 'தோட்ட நேரம்' என்று ஒரு மணி முன்னே வைத்துத்தான் வேலை நடக்கிறது. இருட்டுவதற்குள் இலை பறிக்க வேண்டுமே!

நம் வீட்டுச் சுவரிலும் இந்தப் பிரிவு தொங்குகிறது. தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று அச்சிட்டிருக்கும். சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் என்று வைத்துக்கொண்டு பகலை எட்டாகப் பிரித்த கணக்கு அது. சென்னையில் ஜனவரிக் கடைசியில் சூரியன் 6.35-க்குத்தான் உதிக்கிறது. உதயத்திலிருந்து கணக்கிட்டால் திங்கட்கிழமை ராகு காலம் எட்டு மணியளவில் தொடங்கும். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் விஷயம். ஆனால் சூரியனை வைத்துப் பிறந்த ஒரு கணக்கைக் கடிகாரத்தில் கொண்டுபோய் ஆணியடித்ததில் அரை மணி நேரம் தவறிப்போனது என்பது கணிதம்.

பள்ளிவாசல் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழிமுறையைப் பின்பற்றும் முஸ்லிம்களுக்கு அஸர் தொழுகை எப்போது தொடங்குகிறது? ஒரு பொருளின் உச்சிப்பொழுது நிழலைக் கழித்தபின், மீதி நிழல் அந்தப் பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது. ஹனஃபி வழிமுறையில் இருமடங்காகும்போது. இன்று பள்ளிவாசலில் மின்னணுப் பலகை நேரத்தைக் காட்டுகிறது. ஆனால் அந்தப் பலகையில் நாளுக்கு நாள் மாறும் எண்கள், நிழல் கணக்கிலிருந்துதான் வருகின்றன. நிழலையும் கடிகாரத்தையும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்த்து வைத்திருக்கும் அழகான ஏற்பாடு அது.

இனிக் கடிகாரத்தின் பின்கதையை வேகமாகப் பார்த்துவிடலாம். 1927-இல் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை வைத்து வாரன் மாரிசன் கடிகாரம் அமைத்தார். 1969 டிசம்பர் 25 அன்று செய்கோ நிறுவனம் அதைக் கைக்கடிகாரமாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கையிலுள்ள சாதாரணக் கடிகாரத்துப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 1955-இல் இங்கிலாந்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். 1967-இல் நொடியின் வரையறையே மாறியது. அதுவரை நொடி என்பது வானத்தின் ஒரு துண்டு. அதன்பின் சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர்ந்து முடிப்பதே ஒரு நொடி.

இவ்வளவு துல்லியம் யாருக்கு வேண்டும்? செல்பேசியில் வழி பார்க்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், நீங்கள் நிற்கும் இடம் 300 மீட்டர் தள்ளிக் காட்டும். வழி காட்டும் நம் நாவிக் செயற்கைக்கோள்களில் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் பழுதானபோது இந்தியா அந்தப் பாடத்தைக் கசப்பாகவே கற்றது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளில், அகமதாபாத்தில் உருவான ருபீடியம் அணுக் கடிகாரம் ஏறியது.

அப்படியானால் சூரியனோடு கடிகாரத்துக்கு இருந்த உறவு 1967-இல் அறுந்துவிட்டதா? இல்லை! ஒரே ஒரு நூல் மிச்சம் இருந்தது. நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஓதங்கள் பூமியின் சுழற்சிக்கு மிக மெல்லத் தடை போடுகின்றன. அணு தளரவில்லை, பூமி தளர்கிறது. இரண்டும் விலகிப்போகாமல் இருக்க 1972 முதல் அவ்வப்போது உலகக் கடிகாரங்களில் ஒரு நொடியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். இதுவரை 27 முறை. கடைசியாக 2016 டிசம்பர் 31. நம் நாட்டில் அது 2017 ஜனவரி 1 காலை ஐந்தரை மணி. அன்றைக்கு 5 மணி 29 நிமிடம் 59 நொடிக்குப் பிறகு 60-ஆவது நொடி என்று ஒன்று வந்துபோயிற்று. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

கணினிகள் கவனித்தன. 2012 ஜூன் 30-இல் சேர்த்த ஒரு நொடியால் ரெட்டிட் போன்ற இணையதளங்கள் தடுமாறின. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவு முறை நின்றுபோனது. 2022 நவம்பரில் உலக நாடுகளின் அளவியல் மாநாடு கூடி, 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிடுவது என்று முடிவெடுத்தது. அணுவும் பூமியும் ஒரு நொடிக்கு மேல் விலகலாம் என்று விட்டுவிடப் போகிறார்கள். நடைமுறையில் நம் வாழ்நாளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிப் பொறியாளர்களின் தொல்லையும் உண்மைதான். இருந்தாலும், எகிப்தியத் தொழிலாளியின் கல்லிலிருந்து நம் மணிக்கட்டு வரைக்கும் அறுபடாமல் வந்த கட்டு ஒன்று நம் தலைமுறையில் தளர்கிறது. அதை ஒரு செய்தித்தாள் துணுக்காகக் கடந்துபோக மனம் வரவில்லை.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு, பிள்ளைகளே. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய சூரியக் கடிகாரம் இருந்தது. நிறங்களைச் சரிபார்க்கப் படக்கருவிக்கு ஓர் அளவுத்தட்டு தேவைப்பட்டது. அதன் நடுவே ஒரு குச்சியை நிறுத்திச் சூரியக் கடிகாரமாக்கினார்கள். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 நொடி. அந்த நாளின் நிழல் அந்தத் தட்டில் நகர்வதைப் பூமியிலிருந்து படமாகப் பார்த்தோம். 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டியும் ஒன்றைச் சுமந்தது.

செவ்வாய் இருக்கட்டும். நம் பள்ளி மைதானத்துக்கு வருவோம். பின்வரிசைக்காகச் சேர்த்துவைத்த பகுதி இதுதான்.

புத்தகங்களில் காணும் சூரியக் கடிகாரப் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு வரைந்தவை. தரையில் படுத்த தட்டும் நடுவில் முக்கோணமும் இருக்கும். அதை நம் ஊரில் வைத்தால் சரிப்படாது. சென்னையின் அட்சரேகைக்கு அந்தத் தட்டில் கோடு போட்டால், 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் மூன்றரைப் பாகைதான் கிடைக்கும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நமக்கு ஏற்றது ஜெய்சிங் கையாண்ட முறை. கனமான அட்டையில் ஒரு வட்டம் வெட்டுங்கள். இரண்டு முகத்திலும் 15 பாகைக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு கோடு ஒரு மணி. மையத்தில் ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியைச் செங்குத்தாகச் செருகுங்கள். கம்பியின் ஒரு முனை வடக்கு நோக்கி, தரையிலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். சென்னையில் 13 பாகை. கும்பகோணத்தில் 11. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய 10. கன்னியாகுமரியில் 8. அட்டை கிட்டத்தட்ட நேராக நிற்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை வடக்கு முகத்தில் நிழல் விழும். மற்ற மாதங்களில் தெற்கு முகத்தில்.

செய்தது சரியா என்று எப்படித் தெரியும்? அதற்குச் சித்திரை முதல் நாளைவிட நல்ல நாள் இல்லை. சூரியனும் கடிகாரமும் சந்திக்கும் ஏப்ரல் 15-ஐ ஒட்டியே அது வருகிறது. அன்றைக்கு ஊரின் தீர்க்கரேகை வேறுபாடு மட்டுமே மிச்சம். உங்கள் நிழல் 12-ஐத் தொடும்போது கைக்கடிகாரம் சென்னையில் 12.09 காட்ட வேண்டும், யாழ்ப்பாணத்தில் 12.10, மதுரையில் 12.17, கன்னியாகுமரியில் 12.20, கோவையில் 12.22. ஓரிரு நிமிடம் முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் போனால் கம்பி சரியான வடக்கைப் பார்க்கவில்லை என்று பொருள். அட்டையை மெல்லத் திருப்பி மறுநாள் மறுபடி பாருங்கள்.